இரண்டாவது பீப் வரை

அந்த நீல விளக்கு கண்ணடிப்பதை நிறுத்துவதாக இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்துக் கண்ணடிக்கிற காலிப்பயலைப்போல, வெட்கமில்லாமல், ஒரே தாளத்தில், அலமாரியின் அடித்தட்டிலிருந்து செங்கோடனைப் பார்த்து அடித்துக்கொண்டே இருந்தது. டிபன் டப்பா அளவுகூட வராத கறுப்புப் பெட்டி, கம்ப்யூட்டரில் இருப்பதைச் சேர்த்து வைக்கிற பெட்டி. எஞ்சின் படுத்துப்போன போர்வெல் ரிக் வண்டியை மூன்று மாநிலம் தாண்டி விற்றுத் தள்ளிவிட்டவன் இதற்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான், தொப்பை தொடையில் இடிக்க, முட்டி கடுகடுக்க, ஒரு கையில் போன், இன்னொரு கையில் ஊக்கு. போனில் பாட்டு. பாட்டா அது, காலிங் பெல்லை எவனோ அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு இழவு. நடுநடுவே ஒருத்தி வந்து உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்கிறாள். முக்கியமானதாம். முக்கியம் என்றால் எடுத்துப் பேச வேண்டியதுதானே. திருச்செங்கோட்டில் பழைய ரிக் வாங்கி விற்கிற எவனாவது செங்கோடனை இப்படிக் காக்க வைத்திருக்கிறானா, வைத்துவிட்டு அடுத்த வண்டியைச் சந்தையில் நகர்த்திவிடுவானா. இந்தப் பெட்டியைச் செய்தவன் எவன், எந்த ஊர்க்காரன், அவன் ஆபீஸ் எங்கே இருக்கிறது, முகத்தைப் பார்த்துப் பேச ஒரு ஆள் உண்டா. இரும்பு வியாபாரத்தில் என்ன குறை சொன்னாலும் ஒரு முகம் இருக்கும். இங்கே விளக்கு இருக்கிறது. விளக்கைச் சட்டையைப் பிடித்து உலுக்க முடியுமா.

எல்லாம் சனிக்கிழமை போன கரண்டால் வந்த வினை. போன கரண்டு சும்மா வரவில்லை, ஒரு அடி அடித்துவிட்டு வந்தது. ஃபிரிட்ஜ் தப்பித்தது, டிவி தப்பித்தது, இந்தப் பெட்டி மட்டும் செத்துப் பிழைத்து, பிழைத்ததும் முதல் வேலையாக அவனையே பார்த்து நீ யார் என்று கேட்டது. பாஸ்வேர்டு. அவன் வீடு, அவன் கரண்டு, அவன் கடைக்காரனோடு மல்லுக்கட்டி வாங்கிய பெட்டி, அவனையே வாசலில் நிறுத்தி நீ யார். முதல் வண்டியின் நம்பரைப் போட்டான். கல்யாணத் தேதி. குலதெய்வத்தின் பெயர். மகளின் பிறந்தநாள். பெட்டி ஒன்றுக்கும் மசியாமல் கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டது. பாஸ்வேர்டு போட்டவள் வினோதினி, ஒரே மகள், புனேயில் கம்ப்யூட்டர் கம்பெனி. அவளிடம் கேட்டால் ஒரு நிமிஷம். கேட்பானா. கேட்டால் எதுக்குப்பா என்பாள். எதற்கென்று சொல்ல வேண்டும். அதற்குமேல், பொங்கலுக்கு வந்தவள் கிளம்புகிற அன்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போன சொல் இன்னும் காதில் முள்ளாகக் கிடக்கிறது: "அம்மாவைப் பேச விடுங்கப்பா. உங்களுக்காகத்தான் அவங்க வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க." அவனா கட்டினான். கத்தி வைத்தது கோயம்புத்தூர் டாக்டர். தொண்டையில் கட்டி, குரல்வளையை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று சொன்னது டாக்டர். எடுத்தார்கள். உயிர் நின்றது. மயிலாத்தாள் அடுப்படியில் நிற்கிறாள், கழுத்தில் துளையும் துளையை மறைத்து ஒரு பருத்தித் துணியுமாக, கரண்டியால் பாத்திர விளிம்பைத் தட்டினால் சாப்பிட வா, இரண்டு தட்டு கைதட்டினால் இங்கே வா, அவ்வளவுதான் வீட்டில் இப்போது பேச்சு. இதில் இவன் எங்கே கட்டினான். பெற்ற மகள், படிக்க வைத்த மகள், என்னமோ இவன்தான் பெண்டாட்டியின் கழுத்தில் துளை போட்ட மாதிரி.

பாட்டு நின்று மறுபடி தொடங்கியது. அடுப்படியில் குழாய்ச் சத்தம். மிக்ஸி. மிக்ஸி நின்றது. இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் சத்தம் இருக்கிறது என்று நினைத்தான், நினைத்ததும் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம், அதைக் கொண்டுபோய் விளக்கின்மேலேயே வைத்தான். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. அவன் போனில் வருகிற போகிற பேச்செல்லாம் தானாகப் பதிவாகும், அது தொழில் பழக்கம். ஒருமுறை ஆந்திரப் பக்கத்துக் கூடூர்ப் பார்ட்டி போனில் ஒரு விலை ஒப்புக்கொண்டு, வண்டியை ஏற்றுகிற அன்று நான் எங்கே சொன்னேன் என்று கையை விரித்துவிட்டான். அதற்குப் பிறகு யார் பேசினாலும் பதிவு, யார் சொல்லை மாற்றினாலும் அவன் குரலையே அவனுக்குப் போட்டுக் காட்டுவது. காட்டினால் எப்பேர்ப்பட்டவனும் அடங்கிவிடுவான். அப்படி வருஷக்கணக்கில் பதிவாகிப் போன் மூச்சு முட்டியபோது வினோதினி அத்தனையையும் வழித்து இந்தப் பெட்டிக்குள் கொட்டிவிட்டு, போனைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தாள். மறந்தே போனான். ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து ஒரு பார்ட்டியின் பேச்சைத் தேடப்போனவன் கண்ணில், டிரைவர்கள், மெக்கானிக்குகள், புரோக்கர்கள் பெயருக்கு நடுவில், வரிசை வரிசையாக ஒரு பெயர் பட்டது. வீடு. தெரியாமல் அமுக்கினான். "ஏனுங், எங்கிருக்கீங்" என்றாள் மயிலாத்தாள்.

கடைசி எழுத்தை முழுங்கிப் பேசுகிற குரல். வாங், போங், இருங். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான், கடைசி எழுத்துக்கு உங்கப்பன் வரி கட்ட வேண்டுமா என்று. பெட்டிக்குள் அவள் என்ன பெரிதாகப் பேசிவிட்டாள். கேஸ் தீர்ந்துபோச்சுங். வரும்போது கொத்தமல்லித்தழை வாங்கியாங், போனதடவை வாடுனத வாங்கியாந்தீங், உங்களை எவன் ஏமாத்துனான், வண்டியை வாங்கறப்ப மட்டும் அத்தனை வாய். பெரிய மச்சான் வந்திருக்காரு, சாப்பாட்டுக்கு வருவீங்களா மாட்டீங்களா ஒண்ணு சொல்லுங். திட்டு, திட்டு, பாதிக்கு மேல் திட்டு. அன்றைக்கெல்லாம் சரி சரி வை என்று இவன் பாதியில் வெட்டியிருக்கிறான், அதுவும் பதிவாகியிருக்கிறது, அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே இவன் சரி வை என்கிறான், டொக். மத்தியானம் அவள் கண்ணயர்கிற நேரத்தில் ஆபீஸ் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, தினமும் கேட்கிறான். கதவுக்கு வெளியே அவளே இருக்கிறாள். உள்ளே அவள் குரல். இதை எவனிடம் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்னால் என்ன ஆகும். நாலு நாளாகக் கேட்கவில்லை. நாலு நாளாக எவனைப் பார்த்தாலும் எரிகிறது.

"லைன்ல வெயிட் பண்ணதுக்கு நன்றி சார், பெனசீர் பேசறேன்."

"பண்ணேன் பண்ணேன். காலைல அந்தத் துளையில ஊக்கை விட்டு அமுக்கச் சொன்னீங்க, ஒரு பீப் வந்துச்சு, விட்டுட்டேன். அப்பறம் கம்ப்யூட்டர்ல பொட்டியவே காணோம். முந்தியாவது கதவைச் சாத்திட்டு நின்னுது, இப்ப வீட்டையே காணோம்மா. இங்க ஒக்காந்து கண்ணடிச்சுட்டு இருக்குது."

"என்ன சார் பண்ணுது?"

"கண்ணடிக்குது. நீலக் கலர்ல."

அந்தப் பக்கம் பெனசீர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டது இவனுக்குக் கேட்டது. சின்னப் பெண்ணாக இருக்க வேண்டும், மெட்ராஸ் பேச்சு, பின்னால் நூறு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல். "சாரி சார். முதல் பீப்ல பாஸ்வேர்டு, நெட்வொர்க் செட்டிங் மட்டும்தான் போகும். அப்படியும் சரியாகலைன்னா ஃபேக்டரி ரீசெட் போகணும். ஃபேக்டரில இருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடும். உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும் சார். அதனால கேக்கறேன், முக்கியமான டேட்டா ஏதாவது இருக்குங்களா? இருந்தா இத இப்ப பண்ண வேண்டாம். டேட்டா டீமுக்கு மாத்தி விடறேன், ஆனா அது பெய்டு சர்வீஸ்."

அந்தக் கடைசிச் சொல் விழுந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டது. பெய்டு சர்வீஸ். வந்துவிட்டாளா வழிக்கு, என்றது செங்கோடனுக்குள் உட்கார்ந்திருக்கிறவன், பதினைந்து வயதில் ஒரிசாக் காட்டில் ரிக் வண்டிக்கு ராடு தூக்கியபோது பிறந்தவன், அடிபட்டு அடிபட்டு வளர்ந்தவன். எல்லாம் அழிஞ்சிடும் என்று முதலில் பயமுறுத்துவது, அப்புறம் மெதுவாகக் கடையை விரிப்பது, இந்த ஆட்டம் இவனுக்குத் தெரியாதா. கம்ப்ரசரைப் பிரித்தால் ஒன்றும் மிஞ்சாது, புதுசுதான் போட வேண்டும் என்று எத்தனை மெக்கானிக் சொல்லியிருக்கிறான். பிரித்தால் எல்லாம் அப்படியே இருக்கும், ஒரு வால்வு போயிருக்கும். பொருள்மேல் உனக்கு ஆசை என்று எதிராளிக்குத் தெரிந்த நொடியில் நீ தொலைந்தாய், தொழிலில் இவன் கற்றது இது ஒன்றுதான், மீதியெல்லாம் இதன் பிள்ளைகள். வாங்கப்போகிற வண்டியைப் பார்க்கவே கூடாது. டயரைப் பார், காலால் ஒரு எத்து எத்து, பக்கத்தில் நிற்கிற வேறு வண்டியை விசாரி, இது பழைய இரும்புக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நட. கூப்பிடுவான். கூப்பிட்டே ஆவான். இதே ரகசியத்தில்தான் வண்டி வாங்கினான், காடு வாங்கினான், வீடு கட்டினான், பெண்ணும் பார்த்தான். மயிலாத்தாள் காப்பித் தட்டோடு வந்து நின்றபோது, மாமனார் முன்னால் உட்கார்ந்து மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு தடவை பார்த்தான், அந்த ஒரு தடவையில் நெஞ்சு அடைத்துப்போய்விட்டது, அதனால் மறுபடி ஃபேன். வருஷம் பல கழித்து, கட்டிலில் படுத்திருக்கும்போது அவள் கேட்டாள், "அன்னிக்கு என்னயப் பார்த்தீங்களா இல்ல எங்கூட்டு ஃபேனைப் பார்த்தீங்களா?" பார்த்தேன், பரவால்லைன்னு பட்டுது என்றான். பரவாயில்லையாம். இன்றைக்கு வரைக்கும் அதுதான் அவன் சொன்ன விலை.

"சார், இருக்கீங்களா? முக்கியமான டேட்டா ஏதாவது?"

"ஒண்ணுமில்லம்மா. பழைய குப்பை."

"கன்ஃபார்மா சார்?"

"குப்பைன்னு சொல்றேன்ல. எடுத்து வீசறதுக்குப் பார்த்தேன், சரி ஓடுனா ஓடட்டும்னுதான் போன் பண்ணேன்." டீக்கடைப் பக்கம் நடந்தான். கூப்பிடுவாள்.

கூப்பிடவில்லை. "ஓகே சார். ரீசெட் துளையில ஊக்கை விட்டு அமுக்கிப் பிடிங்க. முதல் பீப் வரும், விட்டுடாதீங்க. ரெண்டாவது பீப் வர்ற வரைக்கும் பிடிக்கணும்."

ஊக்கு மயிலாத்தாளுடையது. காலையில் பல்குச்சியை விட்டுப் பார்த்து அது துளைக்குள்ளேயே முறிந்து, நோண்டி எடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கையை நீட்டி இத்தனூண்டு என்று காட்டினான். அவள் வளையலில் கோர்த்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள், எதுக்கு. ஒண்ணுமில்ல என்றான். அவள் ஊக்கை விரலால் சுட்டி, தன் வளையலைச் சுட்டினாள், திரும்பி வந்தாகணும். இந்த வீட்டில் ஊக்கு போகிற வழி யாருக்கும் தெரியாது என்பது அவள் ஆயுள்காலப் புகார், பெட்டிக்குள்ளும் இருக்கிறது அந்தப் புகார், ஏதோ ஒரு வருஷத்து ஆடி மாசத்தில். ஊக்கை நிமிர்த்தித் துளைக்குள் விட்டான். அடியில் ஒரு சின்ன மெத்து. அமுக்கினான். அமுக்கியபோது காது தானாகக் கூர்மையானது, அது அவன் காதின் குணம், கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கேட்டு எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவான், ஆந்திராக்காரர்கள் வண்டி வாங்க வந்தால் செங்கோடன் காதைக் கூட்டிக்கொண்டு போ என்பார்கள். அந்தக் காது எங்கே போனது. அவள் குரல் கரகரத்தபோது அது எந்த எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் பீப். பெட்டிக்குள் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தால் தெரிகிறது, ஒரு சித்திரையில் குரல் கண்ணாடி மாதிரி இருக்கிறது, வைகாசியில் லேசாக மணல், புளிச்ச தயிரைக் குடிச்சுப்போட்டேன் போலிருக்குதுங் என்று அவளே சொல்கிறாள், ஆனியில் மணல் போகவில்லை, ஆடியில் ஊக்குக்குச் சண்டை போடும்போது பாதியில் குரல் உடைந்து காற்றாகப் போகிறது, இவன் சரி வை என்கிறான். சரி வை. எவனோ பிகாரில் விற்கிற கம்ப்ரசரின் கரகரப்பைப் போனிலேயே கேட்டு பேரிங் என்று சொன்னவன் அதே போனில், அதே வாரத்தில், சரி வை. அந்த இடத்தைத்தான் தேடுகிறான், எந்தப் பேச்சில் தொடங்கியது, எந்தச் சொல்லில், அங்கே பிடித்திருந்தால், அங்கே வண்டியைத் திருப்பிக் கோயம்புத்தூருக்கு விட்டிருந்தால். இன்னும் அகப்படவில்லை. சித்திரைப் பேச்சுகளை மறுபடி கேட்க வேண்டும். கட்டைவிரல் வலித்தது. என்ன இது இத்தனை நேரம், எந்த மடையன் இப்படி ஒரு பொத்தானை வைத்தான், ஊக்கு வளைகிறது, விட்டுவிடலாமா, விட்டால் மறுபடி முதலிலிருந்து, அந்தப் பாட்டு, அந்தக் காலிங் பெல். அழிஞ்சிடும் என்றாளே. அழியாது. உள்ளே போனது எங்கே போகும், இரும்புப் பெட்டி, நாலு பக்கமும் மூடியிருக்கிறது. அப்படித்தான் சொல்வார்கள். எல்லாரும் அப்படித்தான். இரண்டாவது பீப்.

விளக்கு கண்ணடிப்பதை நிறுத்தியது. அணைந்தே போனது. பெட்டிக்குள் எதுவோ முனகிச் சுழன்று, தணிந்து, மறுபடி சுழன்றது. "வெயிட் பண்ணுங்க சார், லைன்லயே இருக்கேன்" என்றாள் பெனசீர். கொஞ்ச நேரத்தில் விளக்கு வந்தது, ஆடாமல் அசையாமல், நல்ல பிள்ளை மாதிரி. செங்கோடன் முழங்கையை ஊன்றி எழுந்து நாற்காலியில் விழுந்து கம்ப்யூட்டரைப் பார்த்தான். பெட்டி தெரிந்தது. ஜெயித்துவிட்டான், காசு கொடுக்காமல், டேட்டா டீமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். கதவும் திறந்தது. உள்ளே போனான். வெள்ளையாக இருந்தது. வெல்கம் என்று இருந்தது. உங்கள் புதிய பெட்டிக்கு ஒரு பெயர் வையுங்கள் என்று இங்கிலீஷில் இருந்தது.

"வந்துடுச்சுங்களா சார்?"

"வந்துச்சு. பழசு எங்கம்மா?"

"எந்தப் பழசு சார்?"

"உள்ள இருந்தது. பேச்செல்லாம். கால் ரெக்கார்டு. இத்தனை இருந்துச்சு, வரிசையா."

"சார், எல்லாம் அழிஞ்சிடும்னு சொன்னேன்."

அதற்குப் பிறகு செங்கோடன் என்ன கத்தினான் என்று அவனுக்கே முழுதாகத் தெரியாது. எந்த ஊர்க் கம்பெனி, எவன் முதலாளி, ஒரு மனுஷன் வீட்டுக்குள் புகுந்து அவன் பொட்டியைத் துடைத்து எடுக்க யார் உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது, நாளைக்கே ஆளோடு வருகிறேன், உன் மேனேஜரைக் கூப்பிடு, அவன் அப்பனைக் கூப்பிடு. கையில் இருந்த ஊக்கு உள்ளங்கையில் ஏறியிருந்தது, அது தெரியவில்லை. மேஜைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பு உருண்டு கீழே போய்ச் சுற்றிச் சுற்றி நின்றது. நீ சொல்லவே இல்லை என்றான். அழியும்னு நீ சொல்லவே இல்லை, யாரைக் கேட்டு இதைப் பண்ணினே, நான் எங்கே குப்பைன்னு சொன்னேன்.

பெனசீர் குரலை உயர்த்தவில்லை. "சார், நீங்க ரெண்டு தடவை சொன்னீங்க. கால் ரெக்கார்டு ஆகுது சார். வேணும்னா போட்டுக் காட்டச் சொல்றேன்."

செங்கோடன் கண்முன்னால் கூடூர்க்காரன் முகம் வந்தது, அன்றைக்கு அவன் குரலையே அவனுக்குப் போட்டுக் காட்டியபோது அந்த முகம் போன போக்கு. ஒண்ணுமில்லம்மா, பழைய குப்பை. எங்கோ மெட்ராஸில் ஒரு பெட்டிக்குள் அது இருக்கிறது, பத்திரமாக, அழியாமல், அவன் குரலில். அவளுடையது ஒரு சொல் மிச்சமில்லை. அவள் ஏனுங் என்றது போய்விட்டது, அவன் குப்பை என்றது இருக்கிறது. கத்த வேண்டும் போல இருந்தது, கத்துவதற்கு எதிரில் ஆள் இல்லை, எல்லாப் பக்கமும் அவனே நின்றான், டயரை எத்திக்கொண்டு, ஃபேனைப் பார்த்துக்கொண்டு.

"சார்? உள்ள என்ன சார் இருந்துச்சு?"

"என் சம்சாரத்தோட குரல்" என்றான்.

சொன்னதும் அது அவன் குரல் மாதிரியே இல்லை. "தொண்டையில ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. இப்பப் பேச முடியாது. நல்லா இருந்தப்ப போன்ல பேசுனதெல்லாம் அதுக்குள்ள இருந்துச்சு. கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்லுவா. தெனமும் கேப்பேன். அது வேணும் எனக்கு. எத்தனை ஆனாலும் சரி. நீ என்ன கேட்டாலும் தர்றேன்மா, குறைச்சுப் பேசமாட்டேன்."

பெனசீர் வேகமாகப் பேசினாள், கம்பெனிப் பேச்சு இல்லை. "அண்ணா, பிளக்கைப் பிடுங்குங்க. இப்பவே. அதுல எதுவும் பண்ணாதீங்க, பேரு கூட வைக்காதீங்க. புதுசா எதுவும் மேல ஏறலைன்னா அடியில பழசு கொஞ்சம் இருக்க வாய்ப்பிருக்கு. எடுக்கறவங்க இருக்காங்க. கிடைக்கும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா பிளக்கைப் பிடுங்குங்க."

பிடுங்கினான். நல்ல பிள்ளை விளக்கு செத்தது. டேட்டா டீம் நாளைக்குக் கூப்பிடும் என்று சொல்லிவிட்டு அவள் வைத்தாள். பிளக்கைக் கையில் பிடித்தபடி திரும்பியபோதுதான் கதவு திறந்திருப்பது தெரிந்தது. செம்பு உருண்ட சத்தத்துக்கு வந்திருக்க வேண்டும். மயிலாத்தாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கையில் கொத்தமல்லி ஒட்டியிருந்தது, கழுத்துத் துணி மூச்சுக்கு ஏறி இறங்கியது, கொஞ்சம் வேகமாக. எவ்வளவு கேட்டாள். கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை நாள் கதவைச் சாத்தினான். ஒண்ணுமில்ல என்று வாய் தானாக எழுந்தது. அதைப் பாதியில் கடித்தான். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

போனாள் என்று நினைத்தான், அன்றைக்கு இவன் போன மாதிரி. பொங்கலுக்கு வினோதினி ஒரு சின்னக் கருவி வாங்கிக்கொண்டு வந்தாள், டார்ச் லைட் மாதிரி, கழுத்தில் வைத்து அமுக்கினால் பேச்சு வரும். மயிலாத்தாள் வைத்து ஏதோ சொன்னாள். ஒரே தண்டவாளமாக, மேலும் கீழும் இல்லாமல், வெறும் இரும்பு. என்ன சொன்னாள் என்றுகூடக் கேட்கவில்லை, முகம் கோணுவது தெரிந்தது, முகத்தைக் காட்டக் கூடாது, எழுந்து வாசலுக்குப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்தபோது கருவி பீரோவுக்குள் போயிருந்தது. பிடிக்கவில்லை என்று அவள் நினைத்தாள். மகளும் நினைத்தாள். நினைக்கட்டும் என்று விட்டான். காட்டாமல் இருப்பதற்கு ஜெயிப்பது என்று பெயர். என்னத்தை ஜெயித்தான்.

உள்ளறையில் பீரோக் கதவு முனகியது. சாவிக்கொத்தின் சத்தம். அந்தக் காது, பாவி, எல்லாவற்றையும் கேட்டது. மயிலாத்தாள் மறுபடி வந்து நிலையருகே நின்றாள், கருவியைக் கழுத்தில் தடவி இடம் பார்த்தாள், தப்பான இடத்தில் வைத்தாள், வெறும் ரீங்காரம், நகர்த்தினாள். அவன் எழவில்லை. முகம் கோணியது, கோணட்டும் என்று விட்டான்.

"ஊக்கக் குடுங்" என்றாள்.

இரும்புதான். மேலும் கீழும் இல்லாத இரும்பு. ஆனால் கடைசி எழுத்து இல்லை. அதை அவள் முழுங்கியிருந்தாள், எப்போதும் முழுங்குகிற இடத்தில், எந்தக் கத்திக்கும் எட்டாத இடத்தில். செங்கோடன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். ஊக்கு வளைந்து, முனையில் ஒரு பொட்டு ரத்தத்தோடு கிடந்தது. நிமிர்த்தப் பார்த்தான், வரவில்லை. நீட்டினான், நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"தர்றேன். இன்னொருக்காச் சொல்லு."

"எதுக்குங்."

ஒண்ணுமில்ல. சும்மாதான். பரவால்லைன்னு பட்டுது. எல்லாம் நாக்கின் நுனிவரை வந்து வரிசையில் நின்றன.

"எனக்கு வேணும்" என்றான்.

மயிலாத்தாள் அவனைப் பார்க்கவில்லை. பிளக்கைப் பார்த்தாள், உருண்டு கிடந்த செம்பைப் பார்த்தாள், அதைக் காலால் லேசாக ஒரு எத்து எத்தினாள். பிறகு தலையைத் தூக்கி, மேலே சுற்றுகிற ஃபேனைச் சித்த நேரம் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் காத்திருந்தான். அவள் கருவியை மறுபடி கழுத்தில் வைத்தாள்.